பாப் கல்சு கொடுத்த வாக்கு

அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நம்முடைய கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். ஆட்டம் தொடங்கும்போது முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து நிற்பார்கள். மலை மாதிரி உடம்பு. நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவார், மற்ற நால்வரும் பந்தைத் தொடுவதே அபூர்வம். பின்னால் பந்தோடு நிற்கிறவனை எதிரணிக்காரன் நெருங்கிவிடாமல் மோதித் தடுப்பதுதான் அவர்கள் வேலை. ஓடிப் புள்ளி எடுத்தவன் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். அடியை வாங்கிக்கொண்டு வழி விட்டவன் பெயரை யாரும் கேட்பதில்லை.

பாப் கல்சு அந்த முன்வரிசைக்காரர். ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியின் கேப்டன். 1967 பருவத்தில் அந்த அணி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் தோற்றது. 1968 புத்தாண்டு தினத்தில் ஆரஞ்சு பவுல் என்ற பெரிய கல்லூரி ஆட்டத்தில் டென்னசி பல்கலைக்கழக அணியை 26-24 என்று ஜெயித்தது. நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் கல்சுவுக்கும் இடம் கிடைத்தது. அந்த வருடமே பஃபலோ பில்ஸ் என்ற தொழில்முறை அணி அவரை எடுத்துக்கொண்டது. அணி பரிதாபமாக ஆடி ஒரே ஒரு ஆட்டத்தில்தான் ஜெயித்தது. ஆனால் அணிக்குப் புதிதாக வந்தவர்களில் சிறந்தவர் என்ற பெயர் இவருக்குக் கிடைத்தது. கல்யாணமாகி ஒரு பெண் குழந்தையும் பிறந்திருந்தது. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

ஒரு கடன் பாக்கி இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது அவர் ஆர்.ஓ.டி.சி.யில் சேர்ந்திருந்தார். நம் ஊர் என்.சி.சி. மாதிரிதான், ஆனால் சான்றிதழோடு முடிகிற விஷயம் இல்லை. படிப்பு முடிந்ததும் ராணுவத்தில் அதிகாரியாகப் பணிபுரிவதாக வாக்குக் கொடுக்க வேண்டும். அழைப்பு வந்தது.

அமெரிக்கா வியட்நாமில் போர் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் அங்கே போகாமல் இருக்க எளிதான வழி ஒன்று இருந்தது. உள்ளூரிலேயே இருக்கும் ரிசர்வ் படையிலோ நேஷனல் கார்டிலோ சேர்ந்துவிட்டால் போதும். அணி நிர்வாகங்களுக்கு அதற்கான ஆள் பழக்கம் இருந்தது. மாதத்தில் ஒரு வார இறுதி பயிற்சி, மற்ற நாளெல்லாம் ஆட்டம். நிறையப் பேர் அப்படித்தான் இருந்தார்கள். கல்சுவிடமும் நண்பர்கள் அதையே சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். வாக்குக் கொடுத்துவிட்டேன், மற்றவர்களைவிட நான் எந்த விதத்தில் உசத்தி என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். 1969 நவம்பரில் வியட்நாம் போய்ச் சேர்ந்தார்.

இந்த இடத்தில் நிறையப் பேர் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். தேசபக்தி என்று எழுதி, கொடியோடு அவர் படத்தைப் போடுகிறார்கள். எனக்குக் கைதட்ட மனம் வரவில்லை. அவர் மேல் மரியாதை குறைவு என்பதால் அல்ல. அந்த மரியாதையை வைத்து ஒரு பெரிய அநியாயத்தை மூடிவிடுகிறோம் என்பதால்தான். ஆட்டத்தில் இருக்கும்போதே போருக்குப் போய் வியட்நாமில் உயிர்விட்ட தொழில்முறை ஃபுட்பால் வீரர் இவர் ஒருவர்தான். அங்கே இறந்த இன்னொருவர், விமானப்படையின் டான் ஸ்டைன்பிரன்னர், ஆட்டத்தை விட்டுப் பல வருடம் ஆனவர். ஒரே ஒருவர்! செல்வாக்கு உள்ளவன் வீட்டில் இருக்கலாம், இல்லாதவன் வீட்டுப் பிள்ளை போக வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

குத்துச்சண்டை வீரர் முகமது அலியை நினைத்துப் பாருங்கள். 1967-ல் படையில் சேர மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். பட்டத்தைப் பறித்தார்கள், மூன்று வருடத்துக்கும் மேல் வளையத்துக்குள்ளேயே விடவில்லை. கல்சு போனார், உயிரைக் கொடுத்தார். நான் இரண்டு பேரையும் ஒரே தட்டில்தான் வைக்கிறேன். தான் எடுத்த முடிவுக்கான விலையை இருவருமே தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். போரை ஆதரித்துக்கொண்டே தன் பிள்ளையை மட்டும் பத்திரமாக ஒளித்து வைத்தவர்களோடுதான் எனக்குச் சண்டை.

சரி, கல்சு உயிர்விட்ட மலைக்கு வருகிறேன். வியட்நாமின் ஆ ஷாவ் பள்ளத்தாக்கை ஒட்டி ரிப்கார்டு என்று ஒரு பீரங்கித் தளம். 927 மீட்டர் உயரக் குன்று, சுற்றிலும் காடு. 1970 ஜூலை 1 முதல் வட வியட்நாம் படை அதன் மேல் மோர்ட்டார் குண்டு பொழிய ஆரம்பித்தது. கல்சு இருந்தது 155 மி.மீ. பீரங்கிப் பிரிவில். ஒரு குண்டு 43 கிலோவுக்கு மேல் எடை. ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் குண்டுகளைத் தோளில் தூக்கி மேட்டில் ஏற்ற வேண்டும். அது சிப்பாய்களின் வேலை, லெப்டினன்ட் நின்று பார்த்தால் போதும். கல்சு சட்டையைக் கழற்றிவிட்டுத் தானும் தூக்கினார். பிரிவுக்குத் தலைமை தாங்கிய கேப்டன் காயம்பட்டுப் போனதும் பொறுப்பும் இவர் தலையில் விழுந்தது. ஜூலை 18 அன்று ஒரு சினூக் ஹெலிகாப்டர் சுடப்பட்டு வெடிமருந்துக் கிடங்கின் மேலேயே விழுந்தது. மலை பற்றி எரிந்தது.

ஜூலை 21. பதுங்குகுழிக்குள் புழுக்கம் தாங்காமல் வாசலில் வந்து நிற்கிறார். கையில் மனைவியின் கடிதம். இரண்டாவது பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதி அன்றுதான். இன்றைக்கு எனக்குக் குழந்தை பிறக்கப்போகிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சிரித்துக்கொண்டே சொல்கிறார். அடுத்த நொடி மோர்ட்டார் குண்டு விழுந்தது. பக்கத்தில் இருந்தவர் பிழைத்தார். அதனால்தான் அந்தச் சிரிப்பு நமக்குத் தெரிகிறது. கல்சுவுக்கு வயது 25.

குழந்தை இரண்டு நாள் கழித்து, ஜூலை 23 அன்று ஓக்லஹோமா சிட்டியில் பிறந்தது. ஆண் பிள்ளை. பிரசவ வார்டு வாசலில் நின்றவர்களுக்கு அந்த நாள் எப்படிப்பட்டது என்று தெரியும். யார் வந்தாலும் கையில் ஏதாவது கொண்டுவருவார்கள், யார் முகத்தைப் பார்த்தாலும் சிரிப்பு இருக்கும். அந்த நாளில் சீருடை போட்ட ஒருவர் அந்த அறைக்குள் வந்தார். அவர் சொன்ன சாவுச் செய்தியைக் கேட்டு அலறிய கல்சுவின் மனைவி, பிள்ளைக்கு முதலில் வைக்க நினைத்த பெயரை மாற்றச் சொன்னார். அப்பாவின் முழுப்பெயரையே வைத்தார்: ஜேம்ஸ் ராபர்ட் கல்சு ஜூனியர்.

எனக்கு ஆறாத விஷயம் இனிமேல்தான் வருகிறது. அதே ஜூலை 23 அன்று அமெரிக்க ராணுவம் ரிப்கார்டு மலையை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டது. பிள்ளை பிறந்த அன்றைக்கே, அப்பா எதற்காகச் செத்தாரோ அந்த இடம் வேண்டாம் என்றாகிவிட்டது. பிறகு அந்த மலை மேல் தங்கள் விமானங்களை வைத்தே குண்டு போட்டார்கள். அந்த மூன்று வாரங்களில் 75 அமெரிக்கர்கள் இறந்தார்கள். ஆனால் ஊரில் அதைப் பற்றிப் பெரிதாக யாருக்கும் தெரியாது. முந்தைய வருடம் அதே பகுதியில் ஹாம்பர்கர் ஹில் சண்டையில் 70-க்கும் மேல் செத்தபோது நாடே கொதித்தது. 1970 மே மாதம்தான் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் போரை எதிர்த்து நின்ற மாணவர்களைச் சுட்டதில் நான்கு பேர் செத்திருந்தார்கள். படையைக் குறைத்துக்கொண்டு வருகிறோம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த நேரம். அந்த நேரத்தில் இப்படி ஒரு முற்றுகை யாருக்கும் தேவைப்படவில்லை. பல வருடம் கழித்து, பிழைத்து வந்தவர்கள் பேச ஆரம்பித்த பிறகுதான் ரிப்கார்டு என்ற பெயரே வெளியில் தெரிந்தது.

அவர் நாட்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். நாடு அவர் வீட்டுக்கு ஒரு முழு உண்மையைக்கூடக் கொடுக்கவில்லை.

இது பழைய கதை என்று விடவும் முடியவில்லை. 34 வருடம் கழித்து பாட் டில்மன் விஷயத்தில் என்ன நடந்தது? அரிசோனா ஸ்டேட் கல்லூரி அணியில் ஆடியவர், பிறகு கார்டினல்ஸ் என்ற தொழில்முறை ஃபுட்பால் அணி. லட்சக்கணக்கான டாலர் ஒப்பந்தத்தை வேண்டாம் என்று 2002-ல் ராணுவத்தில் சேர்ந்தார். 2004 ஏப்ரல் 22 அன்று ஆப்கானிஸ்தானில் சொந்தப் படையினரின் குண்டு பட்டே இறந்தார். எதிரியோடு போராடி வீழ்ந்தார் என்று சொல்லிப் பதக்கம் கொடுத்தார்கள். இரங்கல் கூட்டம் தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. உண்மையைக் குடும்பத்திடம் சொல்ல ஐந்து வாரம் ஆனது. அவர் அம்மா வருடக்கணக்கில் ஒவ்வொரு காகிதமாகக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரிந்துகொள்ள ஒரு தாய் மனு போட வேண்டுமா?

இராக் போரின்போது பாக்தாதுக்குத் தெற்கே ஒரு ராணுவ முகாமுக்கு கல்சு என்று பெயர் வைத்தார்கள். பெருமை சேர்க்கிறோம் என்று நினைத்துத்தான் வைத்திருப்பார்கள். எனக்கு என்னவோ, அந்த முகாமுக்குள் போன இருபது வயதுப் பையன்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மலையைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

அவர் படத்தைப் பகிர்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாக்குக் காப்பாற்றிய வீரன் என்று தாராளமாக எழுதுங்கள். அதோடு ரிப்கார்டு என்ற பெயரையும் எழுதுங்கள். ஜூலை 23 அன்று அந்த மலையை என்ன செய்தார்கள் என்பதையும், அதே நாளில் ஓக்லஹோமாவில் ஒரு பிள்ளை பிறந்ததையும் சேர்த்து எழுதுங்கள்.