அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்றிரவு அந்த ஸ்கிரீன்ஷாட் ஊரெல்லாம் சுற்றிவிட்டு என் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. என் படம், என் பெயர், போன மாதம் டிரிப்டோபான் என்ற ஊட்டச்சத்து மாத்திரையைப் பற்றி நான் எழுதியதில் நாலே வரி. அதற்கு மேலே சிவப்பு எழுத்தில், "மனச்சோர்வு மாத்திரைக்கு விடை கொடுங்கள், இவரே சாட்சி!" என்ன நடந்தது என்று குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்: அதை நம்பித் தன் மாத்திரையில் கைவைத்த ஒரு பிள்ளை அவசரப் பிரிவு வரை போனாள். அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள், சாப்பிடுகிறாள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் யாரையும் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டிரிப்டோபானைத் தொடவே கூடாது என்றுதான் எழுதினேன். அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

புதிதாக வந்தவர்களுக்காக இன்னொரு தடவை. அப்பா போன பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. சாங்கியில் இரவு வேலை, காலை எட்டு மணிக்கு ஈசூன் வந்து திரையை இழுத்து மூடிப் படுத்தால் பக்கத்து வீட்டு டிரில் சத்தம்கூட அப்பா இருமுவது மாதிரி கேட்கும். பலதுறை மருந்தகத்து டாக்டரிடம் போனேன். வேறு எந்த மருந்தும் எடுக்கவில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகு, டிரிப்டோபான் 500 மில்லிகிராம், படுக்க ஒரு மணி நேரம் முன்பு, ஆறு வாரம் பார்க்கலாம் என்றார். தூக்கம் வந்தது. மாத்திரையால் வந்ததா, ஆறு வாரத்தில் துக்கம் தானாகக் கொஞ்சம் ஆறியதா, சத்தியமாக எனக்குத் தெரியாது. இதையும் எழுதியிருந்தேன். இதையும் வெட்டிவிட்டார்கள்.

டிரிப்டோபான் ஒன்றும் மாயப்பொடி இல்லை. முட்டையில் இருக்கிறது, பருப்பில் இருக்கிறது, கோழியில் இருக்கிறது. நம் உடம்பால் செய்துகொள்ள முடியாத அமினோ அமிலம், சாப்பாட்டில்தான் வரவேண்டும். ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கிடைத்துவிடும். உடம்பு அதில் மிகச் சிறிய பங்கைத்தான் மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் ஆக்குகிறது, இருட்டியதும் அதிலிருந்து தூக்கத்துக்கான மெலடோனின். அப்படியென்றால் ராத்திரி ஒரு கிளாஸ் பால் போதாதா என்று அத்தை கேட்டார். போதாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மலேசியா போகிறவர்கள் வரிசையில் நிற்கும் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். மூளைக்குள் போகிற கவுண்டர் ஒன்று, வரிசையில் நிற்கும் அமினோ அமிலங்கள் பல. பாலில் மற்றவை கூட்டமாக வரும், டிரிப்டோபான் கடைசியில் நிற்கும். தனியாக, புரதம் இல்லாத நேரத்தில் எடுத்தால்தான் உள்ளே போக வழி. சின்ன அளவுக்கும் பலன் தெரிய வாய்ப்பு இருப்பது இதனால்தான். பால் குடியுங்கள், தப்பில்லை, ஆனால் காரணத்தை டிரிப்டோபான் தலையில் கட்டாதீர்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். மனச்சோர்வுக்கு டாக்டர்கள் அதிகம் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளும் இதே செரோடோனினைத்தான் கூட்டுகின்றன. அதன் மேல் இதையும் போட்டால் செரோடோனின் அளவு மீறலாம். கை நடுக்கம், வேர்வை, வயிற்றுப்போக்கு, நெஞ்சு படபடப்பு, காய்ச்சல், புத்தித் தடுமாற்றம். அந்தப் பிள்ளை தன் மாத்திரையை யாரையும் கேட்காமல் பாதியாக்கி, அதோடு இரண்டு டிரிப்டோபான் கேப்சூலும் போட்டிருக்கிறாள். பின்னிரவு இரண்டு மணிக்கு அவள் அம்மா டாக்சி பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். இப்போது குழுவில் நான் கொலைகாரி.

"இயற்கைதானே, என்ன செய்யும்?" இந்தக் கேள்விக்கு 1989-இல் அமெரிக்காவில் 1,500 பேருக்கு மேல் பதில் தெரிந்துகொண்டார்கள். டிரிப்டோபான் மாத்திரை சாப்பிட்டுத் தாங்கமுடியாத தசைவலி, முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரே ஒரு ஜப்பானியத் தயாரிப்பாளரின் சரக்கில் இருந்த மாசையே விசாரணைகள் சுட்டின. டிரிப்டோபானே குற்றவாளி என்று நான் சொல்ல வரவில்லை. டப்பாவுக்குள் இருப்பதை நம் கண் பார்ப்பதில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

"கடையில் தாராளமா விக்கிறாங்களே, அரசாங்கம் பார்க்காமலா விடும்?" சிங்கப்பூரில் ஊட்டச்சத்து மாத்திரைகளை விற்கச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை, பாதுகாப்புக்கு விற்பவரே பொறுப்பு. போய்ப் படியுங்கள்.

"அப்ப நீ மட்டும் சாப்பிட்டியே?" ஆமாம், சாப்பிட்டேன்.

"மருந்துக் கம்பெனி எவ்வளவு கொடுத்துச்சு?" இது என்னுடன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர் கேட்டது. நிறைய கொடுத்தார்கள் சார். அதனால்தான் இன்னும் வீவக வீட்டுக் கடன் கட்டிக்கொண்டு, மாதக் கடைசியில் காப்பிக்கடையில் பாலில்லாத தே-ஓ மட்டும் குடிக்கிறேன்.

ஆய்வு இருக்கிறதா என்று நியாயமாகக் கேட்ட ஒருவரும் உண்டு. மனச்சோர்வுக்கு டிரிப்டோபானும் அதன் உறவான 5-எச்டிபியும் உதவுமா என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு ஆராய்ந்தது. 108 ஆய்வுகளைத் திரட்டியதில் தரம் தேறியவை இரண்டு, இரண்டிலும் சேர்த்து 64 பேர். போலி மாத்திரையைவிடக் கொஞ்சம் மேல் என்று தெரிந்தது, அதை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவர்களே எழுதிவிட்டார்கள். அந்த 64 பேரை வைத்துத்தான் நம் குழுவில் விடை கொடுக்கும் விழா.

சரி, என் பக்கத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். எச்சரிக்கையை நான் கடைசிப் பத்தியில்தான் போட்டேன். "மேலும் பார்க்க" அமுக்காதவர்களுக்கு அது தெரிந்திருக்காது. முதல் வரியில் போட்டிருக்கலாம். ஆனால் அமுக்கிப் படித்து, வெட்டி, சிவப்பு எழுத்துப் போட்டவருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.

போன மாதம் அந்தப் பதிவுக்குப் பிறகு பதினேழு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். எல்லாரும் கேட்டது ஒன்றுதான், தூக்கத்துக்கு நல்லதா? மனசைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் எட்டாவது வரியில் "அழுகை வருது அக்கா" என்பார்கள். நம்மிடம் தூக்கம் வரவில்லை என்று சொல்லலாம், வயிறு சரியில்லை என்று சொல்லலாம். உட்பிரிட்ஜ் என்று இருந்த மனநல மருத்துவமனை 1993-இல் புவாங்கோக்கிற்குப் போய் மனநலக் கழகம் ஆகி எத்தனை வருஷமாகிறது, இன்னும் வாய் கூசாமல் "உட்பிரிட்ஜ் கேஸ்" என்று சிரிக்கிறோம். கேப்சூல் வாங்கினால் அந்தப் பேச்சு இல்லை. ஊட்டச்சத்து என்று சொல்லி மீன் எண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிடலாம்.

அப்பா காரியத்தன்று நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் இருந்தபோது, "மாப்பிள்ளை வீட்டாருங்க வந்திருக்காங்க, தலைவலின்னு சொல்லு" என்று காதில் சொன்னவரும், இந்த ஸ்கிரீன்ஷாட்டை எங்கள் குடும்பக் குழுவில் முதலில் போட்டவரும் ஒரே ஆள். அதில் ஒரு பூங்கொத்துப் படமும் சேர்த்திருந்தார்.

பழைய பதிவை எடுக்கவில்லை. எச்சரிக்கையை முதல் வரிக்கு ஏற்றிவிட்டேன். குடும்பக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா இன்னும் என் அழைப்பை எடுக்கவில்லை.