அந்த நிழல் தானாக விழவில்லை

கூத்துக் கலைஞர் ஒருவரை நான் எடுத்த போட்டோவை வைத்து ஒருவர் செய்து பதிவிட்ட அந்தச் சுவரொட்டியைப் பற்றி எழுதாமல் கடந்துவிடவே நினைத்தேன். ஆனால், போட்டோ எடுத்தவர் பெயர் எங்கே என்று நான் கேட்டதற்கு, "போட்டோவை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், இதுதான் கலை" என்று பதில் வந்ததையும், நான் மதிக்கும் நண்பர்களே அதற்கு விருப்பக்குறி இட்டதையும் பார்த்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை. அந்தக் கலைஞரின் முகத்தைச் சிவப்பும் நீலமும் வெளிர்மஞ்சளுமாக மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை; கீழே தம் பெயரை மட்டும் போட்டுக்கொண்டதில்தான் வருத்தம்.

இப்படிப்பட்ட சுவரொட்டிக்கு, போட்டோஷாப்பில் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி, த்ரெஷோல்டை, அதாவது வெளிச்ச வரம்பை, ஓர் அளவில் நிறுத்தினால், அதைவிட வெளிச்சமான புள்ளிகள் வெள்ளையாகவும் மற்றவை கருப்பாகவும் பிரிந்துவிடும். அளவை மாற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் மூன்று நான்கு லேயர்கள் எடுத்து, ஓரங்களைக் கோடு வரையும் பென் டூலால் சீராக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள். கண்ணும் பொறுமையும் வேண்டிய வேலை அது. ஆனால் அந்த நிறங்களின் எல்லை எங்கே விழ வேண்டும் என்பதை முகத்தில் பட்ட வெளிச்சம் முன்பே தீர்மானித்துவிடுகிறது. நேருக்கு நேர் பிளாஷ் அடித்த படத்தில் இதைச் செய்துபாருங்கள். நெற்றியும் மூக்கும் கன்னமும் ஒன்றாகக் கரைந்து, கண்களும் மீசையுமே மிஞ்சும்.

நான் படம் எடுத்த அன்று அந்தக் கலைஞர் அரிதாரம் பூசத் தொடங்கும் முன், டியூப் லைட்டை அணைக்கச் சொல்லி, வாசல் பக்கம் சற்றுத் திரும்பி உட்காருமாறு நான்தான் கேட்டுக்கொண்டேன். மாலை வெயில் ஒரு கன்னத்தில் மட்டும் பட, மூக்கின் நிழல் மேலுதட்டின் ஓரம்வரை இறங்கியது. சுவரொட்டியில் எல்லோரும் வியக்கும் அந்த அடர்நீல முக்கோணம் அந்த நிழல்தான்.

அமெரிக்கச் சுவரொட்டிக் கலைஞர் ஷெப்பர்ட் ஃபேரியும் இதைத்தானே செய்தார் என்கிறார்கள். 2008இல் அவர் செய்த ஒபாமாவின் 'ஹோப்' சுவரொட்டி உலகமெங்கும் பரவியது. அதன் மூலப்படத்தை 2006 ஏப்ரலில் வாஷிங்டனில் எடுத்தவர் மானி கார்சியா என்ற புகைப்படக்காரர் என்பது, தேர்தலெல்லாம் முடிந்து 2009இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தைப் பயன்படுத்தியது பற்றி எழுந்த வழக்கில் வேறொரு படத்தை மூலமென்று சொல்லி, ஆதாரங்களையும் திரித்த ஃபேரி, 2012இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25,000 டாலர் அபராதம் கட்ட நேர்ந்தது. இந்த முன்னுதாரணத்தையா எனக்குக் காட்டுகிறீர்கள்?

போட்டோவை முகநூலில் போட்டால் அது பொதுச்சொத்து என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவு, படைத்தவர் தன் பெயரைக் கோரும் உரிமையை அவருக்கே வைத்திருக்கிறது.

ஒரு பெயருக்காகவா இத்தனை கோபம் என்று ஒரு தோழி கேட்டார். ஆம், பெயருக்காகத்தான். என் பெயர்கூடப் போகட்டும். அந்தச் சுவரொட்டியில் கூத்துக் கலைஞருடைய பெயரும் இல்லை, ஊரும் இல்லை, 'கிராமியக் கலைஞன்' என்று மட்டும் இருக்கிறது. விடிய விடிய ஆடுகிற ஒரு மனிதரின் முகம் வேண்டும், ஆனால் அவர் யாரென்று கேட்கக்கூடத் தோன்றவில்லை என்றால் அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. அவர் பெயரை முதலிலும் என் பெயரை அதற்கடுத்தும் சேர்த்து, அதே சுவரொட்டியை மறுபடி பதிவிடுங்கள். நானே என் பக்கத்தில் பகிர்கிறேன்.