கணினிப் பட்டப்படிப்பில் கணிதத் தாளில் கைவைக்க வேண்டாம்

கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துப் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைக்கு எதுக்குங்க இவ்வளவு கணக்கு?" பெற்றோர் கேட்பதில் தவறில்லை. ஆனால், துணைப்பாடமாக இருக்கும் கணிதத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இன்னும் இரண்டு மென்பொருள் தாள்களைச் சேர்க்கலாம் என்று கணினித் துறை ஆசிரியர்கள் சிலரே இப்போது பேசத் தொடங்கியிருப்பதுதான் எனக்குக் கவலையளிக்கிறது.

பி.எஸ்சி. கணினி அறிவியலானாலும் பி.சி.ஏ. ஆனாலும், கையில் இருப்பது மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள். அதற்குள் தமிழ், ஆங்கிலம், முதன்மைப் பாடங்கள், துணைப்பாடம், விருப்பப்பாடம், சுற்றுச்சூழல் கல்வி, என்.எஸ்.எஸ். போன்ற விரிவாக்கப் பணி ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திறன் மேம்பாட்டுத் திட்டத்தின் பயிற்சிகளும் இப்போது சேர்ந்திருக்கின்றன. புதிதாக ஏதேனும் வரும்போதெல்லாம் எதையாவது எடுக்க வேண்டியிருக்கிறது. பரிந்து பேச ஆளில்லாத 'அலைடு' கணிதத்தின், அதாவது துணைப்பாடக் கணிதத்தின், மீதே முதலில் கண் விழுகிறது.

தரவுத்தளப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். இன்று வங்கி முதல் ரேஷன் கடை வரை கணக்கு வைக்கும் முறைக்கு அடிப்படையான, தகவல்களை அட்டவணைகளாக வைக்கும் உறவுநிலை மாதிரியைக் கணினி அறிஞர் எட்கர் காட் 1970-இல் முன்வைத்தபோது, அவர் எடுத்தாண்டது 'செட் தியரி' எனப்படும் கணக் கோட்பாட்டைத்தான். இரண்டு அட்டவணைகளை 'ஜாயின்' செய்வது என்பது அவற்றின் கார்டீசியன் பெருக்கலிலிருந்து, அதாவது ஒன்றின் ஒவ்வொரு வரியையும் மற்றதன் ஒவ்வொரு வரியோடும் சேர்த்த சோடிகளிலிருந்து, வேண்டிய சோடிகளை மட்டும் பொறுக்கி எடுப்பது. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே 'உறவுகளும் சார்புகளும்' என்பதால், பிளஸ் டூவில் வணிகவியலும் கணினிப் பயன்பாடுகளும் படித்துவிட்டு வரும் மாணவிக்கும் இது புதிதன்று. அவள் ஏற்கெனவே படித்ததுதான் இது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. ஆகவே கட்டளை வரிகளை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுகிறாள்.

இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறைந்த தூரமுள்ள பாதையைக் கண்டுபிடிக்கும் வழிமுறைக்கும் இதே கதிதான். நெதர்லாந்துக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1956-இல் அதை உருவாக்கி, அந்நாட்டு நகரங்களின் சாலைகளை வைத்து ஒரு கணினியில் செய்து காட்டினார். தம் நாட்டுச் சாலைகளை அவர் எடுத்துக்கொண்டதுபோல் நாம் நம் மலைச் சாலைகளை எடுத்துக்கொள்ளத் தடையென்ன? ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, மேட்டுப்பாளையம் என்று கரும்பலகையில் நான்கு புள்ளிகள் வைத்துக் கோடிழுத்து, ஒவ்வொரு கோட்டின் மீதும் கிலோமீட்டரை எழுதினால், ஊட்டியிலிருந்து கீழே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கக் குன்னூர் வழிதான் குறைவு என்று விடை வரும். கோடை சீசனில் மலையேறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுகிறார்களே, அதையும் கணக்கில் சேர்த்தால் குன்னூர்–மேட்டுப்பாளையம் கோடு ஒருதிசைக் கோடாகிவிடும். தூரம் எதுவும் மாறாமலே விடை கோத்தகிரிக்கு மாறும். புள்ளிகளும் கோடுகளுமான இந்த வரைபடத்தைத்தான் 'கிராஃப்' என்கிறோம்; திசையுள்ள கிராஃப், திசையற்ற கிராஃப் என்ற வேறுபாடு இந்த ஒரு கணக்கிலேயே விளங்கிவிடும். (மண் சரிந்து சாலை அடைபட்ட நாளில் அந்தக் கோட்டையே அழித்துவிடலாம். நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.)

அலைடு கணித வகுப்பில் இப்படி நடப்பதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலாண்டில் கணிதத் துறை ஆசிரியர் வந்து, அணிகளையும் எண்ணியல் முறைகளையும் எல்லாத் துறையினருக்கும் நடத்துவதுபோல் நடத்திவிட்டுப் போகிறார். அதைப் பயன்படுத்த வேண்டிய, தரவுகளைக் கணினியில் ஒழுங்குபடுத்தி வைக்கக் கற்பிக்கும் தரவுக் கட்டமைப்புத் தாள் வருவதற்குள் பிள்ளைகள் அதை மறந்துவிடுகிறார்கள். இதற்குத் தாளையே எடுப்பது தீர்வாகாது. கணங்கள், உறவுகள், கிராஃப்கள் போன்றவை அடங்கிய தொடர்நிலையற்ற கணிதத்தைத் தரவுக் கட்டமைப்பு நடக்கும் அதே பருவத்துக்கு நகர்த்த வேண்டும். எடுத்துக்காட்டுகளை இரு துறை ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். கணிதம் இல்லாத பிரிவிலிருந்து வருபவர்களுக்கு முதல் பருவத்தில் ஒரு பிரிட்ஜ் கோர்ஸ் (இடைவெளியை நிரப்பும் அடிப்படைப் பாடம்), தேர்வு பயமின்றி, நடத்த வேண்டும்.

மலையில் கம்பெனிகள் இல்லை, கோவைக்கோ பெங்களூருக்கோ இறங்கிப் போய் வேலை தேட வேண்டிய பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வில் காட்டக் கையில் ஒரு கருவியாவது வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால், விஷுவல் பேசிக் 6 என்ற மென்பொருள் உருவாக்கும் கருவிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008-இல் நிறுத்திய பிறகும் பாடத்திட்டங்கள் பலவற்றில் அது நீடித்தது. அதை மட்டும் நம்பிப் படித்து முடித்தவர்கள் வேலைச் சந்தையில் என்ன பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். காட் முன்வைத்த உறவுநிலை மாதிரியோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு நிரல்மொழியை ஆழமாகக் கற்றுக்கொடுத்தால், அடுத்த கருவியை வேலையில் சேர்ந்த பிறகும் கற்றுக்கொள்வார்கள்.

எடுப்பதென்றால் ஒரே கருவியின் அடுத்தடுத்த பதிப்புகளைச் சுற்றி வரும் விருப்பத் தாள்களை எடுக்கலாம். கடைசிப் பருவ புராஜெக்டையும் மாற்றலாம். காசு கொடுத்து புராஜெக்ட் சென்டரில் வாங்கி, அட்டை போட்டு, பெயர் மாற்றிக் கொண்டுவருவது ஊரறிந்த செய்தி. அதற்குப் பதிலாக, வீட்டுத் தேயிலைத் தோட்டத்தின் பச்சைத் தேயிலைக் கணக்கையே புராஜெக்டாகக் கொடுக்கலாம்: எந்த நாள், எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு, அந்த மாதத்து விலை என்ன, ஃபேக்டரி தர வேண்டிய பாக்கி எவ்வளவு. அட்டவணைகளை ஏன் இப்படிப் பிரித்தாய் என்று வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி கேட்டால், வாங்கி வந்தவரும் எழுதி வந்தவரும் தனித்தனியே தெரிந்துவிடுவார்கள்.