ஜான் ராஸ் வெறும் ஓட்டக்காரரா?

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை ஒவ்வொருவராக எடுக்கும் அமெரிக்கக் கால்பந்து வீரர் தேர்வில், 2017இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி பந்தைப் பிடித்து ஓடும் வீரரான ஜான் ராஸை 9ஆவதாக எடுத்தது, அவர் 40 கெஜத்தை 4.22 விநாடியில் ஓடினார் என்பதற்காக மட்டுமே என்றும், கல்லூரியில் அவர் எதையும் சாதிக்கவில்லை என்றும் பரவும் தகவல் தவறானது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்காக 2016இல் 81 பந்துகளைப் பிடித்து, 1,150 கெஜம் முன்னேறி, 17 டச்டவுன் (எதிரணியின் இறுதி எல்லைக்குள் பந்தைக் கொண்டுசேர்ப்பது) பெற்றவர் அவர். அணியை உறுத்தியிருக்க வேண்டியது வேறொன்று: முழங்கால் காயத்தால் 2015 பருவம் முழுவதையும் இழந்திருந்ததால், அவருடைய பெரிய கணக்கு ஒரே ஆண்டுக்குரியது. தொழில்முறையில் முதல் பருவத்தில் அவர் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. அதே 40 கெஜத்துக்கு 4.62 விநாடி எடுத்த கூப்பர் கப் என்ற வீரரோ, ஈஸ்டர்ன் வாஷிங்டனில் நான்கு பருவங்களில் 428 பந்துகளைப் பிடித்திருந்தும் அதே தேர்வில் 69ஆவதாகத்தான் தேர்வானார். ஆனால் 2021இல் பந்தைப் பிடித்து முன்னேறிய 1,947 கெஜத்துடன் தொழில்முறை லீகிலேயே அவர் முதலிடம் பெற்றார்.