18,000 ரூபாயும் 9,600 ரூபாயும்

எங்க ஸ்கூல்ல சயின்ஸ் எடுக்கிற மிஸ் வெள்ளிக்கிழமை லஞ்ச் டைம்ல கேட்டாங்க, "ஜிம்முல பி.டி. போடச் சொல்றாங்க மிஸ், மாசம் ஆறாயிரமாம், குடுக்கலாமா?"ன்னு. பி.டி.ன்னா பர்சனல் டிரெய்னிங், நமக்குன்னு தனியா ஒரு மாஸ்டர் நின்னு சொல்லித் தர்றது. அதுக்குள்ள பெல் அடிச்சிடுச்சு, பதில் சொல்ல முடியல. சாயந்திரம் வீட்டுக்கு வந்தும் அதே நெனப்புதான், ஏன்னா இந்தக் கேள்விக்கு நான் ரெண்டு தடவ காசு கட்டி பதில் தெரிஞ்சுகிட்டவ. ஒரு தடவ 18,000, இன்னொரு தடவ 9,600. பெரிய தொகை வீணாப் போச்சு, சின்ன தொகைதான் என்னைக் காப்பாத்துச்சு. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

எனக்கு 47 வயசு, முத்தியால்பேட்டையில இருக்கோம், சுகர் வந்து ஆறு வருஷம் ஆகுது. பாண்டியில இது அதிசயம் இல்ல. 2023-ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுல மாநில வாரியா பாத்தா கோவா 26.4 சதவீதம், அதுக்கு அடுத்து நம்ம புதுச்சேரிதான், 26.3 சதவீதம். பெரியவங்கள்ல நாலு பேருக்கு ஒருத்தருக்கு மேல சுகர். எங்க தெருவுல வீடு வீடா எண்ணிப் பாத்தேன், சரியாத்தான் இருக்கு.

நான் நடக்காதவ இல்ல. நாலு வருஷமா காலைல அஞ்சரைக்கு பீச் ரோடு, ஏழரை வரைக்கும் வண்டி விட மாட்டாங்க இல்லையா, காந்தி சிலையில ஆரம்பிச்சு டூப்ளே சிலை வரைக்கும் போயி திரும்பி வந்து மறுபடி ஒரு நடை. அப்படி இருந்தும் போன வருஷம் ஜனவரியில ஹெச்பிஏ1சி, அதான் ரெண்டு மூணு மாச சராசரி சுகரைக் காட்டுற ரத்த டெஸ்ட், 8.1 வந்து நின்னுச்சு. கூடவே முட்டி வலி. தரையில உக்காந்து பரீட்சை பேப்பர் திருத்திட்டு எழுந்திரிக்கணும்னா கட்டில் காலையோ பீரோவையோ பிடிச்சாதான் முடியும்.

டாக்டர் நடக்கிறத விடாதீங்கன்னாரு, ஆனா அது மட்டும் போதாது, தசைக்கு வேலை குடுங்கன்னாரு. சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறுற சர்க்கரையில பெரும்பங்கு போய்ச் சேர்ற இடம் தசைதானாம், அதுவும் தசை வேலை செய்யும்போது இன்சுலின் தயவு அதிகம் இல்லாமலே சர்க்கரைய உள்ள இழுத்துக்குமாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன கணக்கும் அதான், வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் வேகமா நடக்கிற மாதிரி ஏதாவது, அதோட வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. முதல் பாதிய நாலு வருஷமா பண்ணிட்டு இருந்தேன், ரெண்டாவது பாதி ஒண்ணு இருக்குன்னே எனக்கு யாரும் சொன்னதில்ல.

சரின்னு ஒரு ஜிம்முல போய் விசாரிச்சேன். பேர் வேணாம். கவுன்ட்டர்ல இருந்தவரு உங்களுக்கு முட்டி வலி இருக்கு மேடம், சுகர் இருக்கு, தனியா பண்ணாதீங்க, பி.டி. போட்டுக்கங்க, மூணு மாசம் சேத்துக் கட்டினா 18,000ன்னாரு. சேத்துக் கட்டினேன். கட்டுன காசு திரும்பத் தர மாட்டோம்னு ரசீதுக்குப் பின்னாடி போட்டிருந்தத அப்ப நான் படிக்கல.

மாஸ்டருக்கு 24, 25 வயசு இருக்கும், நல்லா மரியாதையா பேசுற பையன், அவன் மேல எனக்கு இன்னைக்கும் கோபம் இல்ல, அவனுக்கு யாரும் சரியா சொல்லித் தரலன்னுதான் வருத்தம். முதல் நாளே 50 ஸ்குவாட், அப்புறம் குதிச்சு குதிச்சு ஏதோ ஒண்ணு. மூணு நாள் மாடிப்படி ஏற முடியல. வலிச்சாதான் மேடம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்னான். அது தப்பு. புதுசா பயிற்சி பண்ணா ஒண்ணு ரெண்டு நாள் தசை வலிக்கிறது சகஜம், ஆனா வலி அதிகமா இருந்தா பலன் அதிகம்னு அர்த்தம் கிடையாது, முட்டி மூட்டுக்குள்ள குத்துற வலி வேற, தொடைச் சதை வலி வேற, அந்த வித்தியாசத்தக் கேட்டுத் தெரிஞ்சுக்கறதுதான் அவன் முதல் வேலை. அவன் கேக்கவே இல்ல. நான் என்ன மாத்திரை சாப்பிடறேன்னும் கேக்கல.

மூணாவது வாரம் வெறும் வயித்துல வாங்க மேடம், அப்பதான் கொழுப்பு எரியும்னான். நான் அப்ப மெட்ஃபார்மினோட கிளிமிபிரைடும் போட்டுட்டு இருந்தேன். சுகர் மாத்திரை போடுறவங்க இந்த இடத்த நல்லா கவனிங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையும் இன்சுலினும் சுகரை ரொம்ப கீழ இறக்கி விட்டுடும், அதுவும் சாப்பிடாம உடம்பை வருத்தினா. அன்னைக்கு காலைல பழக்கத்துல மாத்திரையப் போட்டுட்டு வெறும் வயித்தோட போயிட்டேன். இருபது நிமிஷத்துல கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது, கண்ணாடியில என் மூஞ்சியே தள்ளித் தள்ளித் தெரியுது. மாஸ்டர் அப்ப போன்ல பேசிட்டே பன்னெண்டு, பதிமூணுன்னு எண்ணிட்டு இருந்தான். ஜிம்மைப் பெருக்குற அம்மாதான் ஓடி வந்து உக்கார வச்சு, அவங்க டீக்கு வச்சிருந்த சர்க்கரைய தண்ணியில கலக்கிக் குடுத்தாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு வீட்டுக்கு வந்து குளுக்கோமீட்டர்ல பாத்தா 68. எழுபதுக்குக் கீழ போனாலே ஆபத்துன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அந்த சர்க்கரைத் தண்ணிக்கு முன்னாடி எவ்வளவு இருந்திருக்கும்னு நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது. அந்த அம்மாவுக்கு என் உயிர் இருக்கிற வரைக்கும் கடன்பட்டிருக்கேன்.

மறுநாள் போனா புரோட்டீன் பவுடர் டப்பாவ நீட்டுறாங்க, 3,500 ரூபாயாம். ஐதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல வெளியிட்ட வழிகாட்டியில, தசை வளக்கறதுக்காக இந்த மாதிரி பவுடர்களத் தவிருங்கன்னு சொல்லியிருக்காங்க. சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம்ங்கிறது ஐசிஎம்ஆர் கணக்கு, என் 64 கிலோவுக்கு 53 கிராம். ஒரு முட்டையில 6 கிராம், நூறு கிராம் மீன்ல கிட்டத்தட்ட 20 கிராம், அப்புறம் சுண்டல், தயிர், பருப்பு. கடலோரத்துல இருக்கிற நமக்கு எதுக்கு டப்பா? அஞ்சாவது வாரத்தோட நின்னுட்டேன். மீதிப் பணம் வரல.

இங்க ஒண்ணு சொல்லணும். ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் வேணும், ஊசி போடுற நர்ஸுக்கு ரெஜிஸ்ட்ரேஷன் வேணும். ஆனா அடுத்தவங்க முதுகெலும்பு மேல 40 கிலோ கம்பிய வைக்கச் சொல்ற ஜிம் மாஸ்டருக்கு சட்டப்படி அந்த மாதிரி கட்டாய லைசென்ஸ் எதுவும் கிடையாது. நல்லா படிச்சு சர்டிபிகேட் வாங்கினவங்களும் இருக்காங்க, நல்ல உடம்பு மட்டும் வச்சிருக்கிறவங்களும் இருக்காங்க, வெளிய இருந்து பாத்தா ரெண்டு பேரும் ஒரே டி-ஷர்ட்டுதான்.

நாலு மாசம் எதுவும் பண்ணல. அப்புறம் என் பழைய ஸ்டூடன்ட் ஒருத்தி மூலமா ஒரு பொண்ணப் பத்தித் தெரிஞ்சுது. கடலூர்ப் பக்கம், மஞ்சக்குப்பம், காலேஜ் படிக்கும்போது வெயிட் லிஃப்டிங் பண்ண பொண்ணு, இப்ப வீடு வீடா போய் சொல்லித் தருது. ஒரு கிளாஸுக்கு 400, வாரத்துக்கு ரெண்டு, பன்னெண்டு வாரம், மொத்தம் 24 கிளாஸ், 9,600. காசு ஒவ்வொரு வாரமும் குடுத்தா போதும்னுச்சு, முன்பணமே கேக்கல.

முதல் கிளாஸ்ல ஒரு பயிற்சியும் இல்ல. "டீச்சர், மாத்திரைச் சீட்டு எடுத்துட்டு வாங்க"ன்னுச்சு. முட்டி எக்ஸ்ரே பாத்துச்சு, எத்தன மணிக்கு சாப்பிடுவீங்க, எத்தன மணிக்கு மாத்திரை, தலை சுத்தியிருக்கான்னு எல்லாத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதுச்சு. டாக்டர்கிட்ட கேட்டுட்டு வாங்கன்னு ரெண்டு கேள்விய எழுதிக் குடுத்துச்சு (அதனாலதான் டாக்டர் அந்த கிளிமிபிரைடை மாத்துனாரு). அப்புறம் சாப்பாட்டு மேஜை நாற்காலியில உக்கார வச்சு கையைக் கட்டிக்கிட்டு 30 செகண்டுக்கு எத்தன தடவ எழுந்து உக்கார முடியுதுன்னு பாத்துச்சு. ஒம்போது. அதையும் நோட்டுல எழுதி தேதி போட்டுச்சு. எனக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துடுச்சு, ஏன்னா முப்பது பிள்ளைங்களுக்கு கணக்கு எடுக்கிற எனக்குத் தெரியும், பிள்ளைக்கு எது தெரியலன்னு முதல்ல கண்டுபிடிக்காம பாடம் நடத்த முடியாது.

ரெண்டாவது கிளாஸ்ல மாப் குச்சிய கழட்டி என் முதுகுல நட்டுக்க வச்சு, தலை, மேல்முதுகு, வால் எலும்பு, மூணு இடத்துலயும் குச்சி ஒட்டிக்கிட்டே இருக்கணும், அப்படியே இடுப்ப பின்னாடி தள்ளிக் குனிங்கன்னுச்சு. 47 வருஷமா நான் குனிஞ்சது எல்லாமே முதுக வளைச்சுதான், தண்ணிக் குடம் தூக்கினது, கோலம் போட்டது, பேரன் மாதிரி தூக்கி வளத்த அக்கா பையன தூக்கினது எல்லாமே. யூடியூப்ல இந்தப் பயிற்சிய பத்து தடவ பாத்திருக்கேன், சரியாத்தான் பண்றேன்னு நெனச்சுட்டு இருந்தேன். வீடியோவ நாம பாக்கலாம், வீடியோ நம்மள பாக்காது. என் வலது குதிகால் தரையை விட்டு எழும்புறத அந்தப் பொண்ணு கண்ணு கண்டுபிடிச்சுது, அதச் சரி பண்ணதும் முட்டி வலி மூணே வாரத்துல பாதியாச்சு. நான் காசு குடுத்தது அந்தக் கண்ணுக்குத்தான்.

எடை தூக்கும்போது மூச்ச அடக்காதீங்க, பிரஷர் ஏறும்னு ஒவ்வொரு தடவயும் சொல்லும். போன வாரம் 8 கிலோன்னா இந்த வாரம் 9, அதுவும் நோட்டப் பாத்துதான். பாக்கெட்ல ரெண்டு மிட்டாய் இல்லாம கிளாஸ் ஆரம்பிக்காது.

இருபதாவது கிளாஸ்ல வந்து திண்ணையில உக்காந்துகிட்டு, "டீச்சர், இன்னைக்கு நான் வாயத் திறக்க மாட்டேன், நீங்களே முழுசா பண்ணுங்க, நான் பாக்கறேன்"னுச்சு. பண்ணேன். ஒரே ஒரு இடத்துல மட்டும் விரல நீட்டிக் காட்டுச்சு. 24-வது கிளாஸ் முடிஞ்சதும் இனி நான் வாரா வாரம் வர வேணாம், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போறேன்னு அதுவாவே சொல்லிடுச்சு. தன் வருமானம் குறையும்னு தெரிஞ்சே சொன்ன பொண்ணு. வருஷக் கணக்கா பிள்ளைய டியூஷன்லயே வச்சிருக்கிற வாத்தியாரையும் பாத்திருக்கேன், ஆறு மாசத்துல பிள்ளை தானா கணக்கு போடுற அளவுக்கு ஆக்கி அனுப்புறவங்களையும் பாத்திருக்கேன். கடைசி கிளாஸ் அன்னைக்கு நாற்காலி டெஸ்ட்ல 17 தடவ. ஹெச்பிஏ1சி 7.0. அதுல மாத்திரை மாத்தினதுக்கும் ராத்திரி சோத்தக் குறைச்சதுக்கும் பங்கு இருக்கு, எல்லாம் அந்த 9,600-னாலன்னு சொன்னா பொய்.

எல்லாருக்கும் டிரெய்னர் வேணும்னு நான் சொல்லல. இருபது வயசுல ஒரு நோவும் இல்லாத பையன் லாஸ்பேட்டை ஹெலிபேட் கிரவுண்டுல ஓடி, தண்டால் எடுத்து, ஜிம்முல சீனியர்ஸப் பாத்துக் கத்துக்கட்டும், அந்தக் காசுக்கு நல்லா சாப்பிடட்டும். என்னை மாதிரி மாத்திரை, முட்டி, வயசு மூணும் சேந்தவங்களுக்கு மூணு மாசம் ஆள் வைக்கிறது ஆடம்பரம் இல்ல, அவசியம். என் நாத்தனார் ரெண்டு வருஷமா டிரெய்னர விடாம வச்சிருக்காங்க, எல்லாமே தெரிஞ்ச பிறகும் எதுக்கு அண்ணின்னு கேட்டேன், அவங்க வரலன்னா நான் பாயை விட்டு எழுந்திரிக்க மாட்டேன்னாங்க. முன்னாடி அத வீண் செலவுன்னு நெனச்சேன், இப்ப அப்படித் தோணல. 2000-ல வந்த ஒரு ஆராய்ச்சியில கூட, ஏற்கனவே பழக்கம் உள்ள ஆம்பளைங்க ரெண்டு குழு, 12 வாரம் ஒரே அட்டவணை, பக்கத்துல ஆள் நின்னு பாத்த குழுதான் அதிக எடை தூக்குற அளவுக்கு வந்தாங்களாம். பக்கத்துல ஒரு ஆள் இருக்கிறதுக்கு மதிப்பு இருக்கு. அவங்களால முடியுது, குடுக்கறாங்க. முடியாதவங்க நாலு பேர் சேந்து ஒரு ஆளை வச்சுக்கலாம், 400 ரூபா தலைக்கு நூறாயிடும்.

அதான் சயின்ஸ் மிஸ்ஸுக்கும் சொல்லப் போறேன். ஆறாயிரம் அதிகமா கம்மியான்னு அப்புறம் பாப்போம், மூணு மாசத்துக்கு சேத்துக் கட்டாதீங்க, ஒரு கிளாஸுக்கு மட்டும் காசு குடுங்க, அந்த மாஸ்டர் உங்க மாத்திரையப் பத்தி கேக்கறாரான்னு பாருங்க, ஏன் இந்தப் பயிற்சின்னு நீங்க கேட்டா பதில் சொல்றாரான்னு பாருங்க, நீங்க பண்ணும்போது உங்களப் பாக்கறாரா போனைப் பாக்கறாரான்னு பாருங்க. திங்கக்கிழமை சாயந்திரம் அவங்க கூட நானும் அந்த ஜிம்முக்குப் போறேன். டாக்டர் சீட்டையும் மாத்திரை அட்டையையும் பைல எடுத்து வைங்கன்னு இப்பதான் மெசேஜ் போட்டேன்.