எந்த வீடு?

'வீடு' என்ற சொல் 'விடு' என்ற வினையிலிருந்து வந்தது. கெடு கேடு ஆவது போல, சுடு சூடு ஆவது போல. அறம், பொருள், இன்பம், வீடு என்று அடுக்கும்போது அதற்கு விடுதலை என்றுதான் பொருள். அந்தச் சொல்லையே நான்கு சுவருக்கும் வைத்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

அப்புறம் அது போகாத இடமில்லை. ராசிக் கட்டத்தில் 12 வீடு. முருகனுக்கு ஆறு படைவீடு. படைவீடு என்றால் படை தங்கும் பாசறை. அதே கட்டடம் ஒருநாள் கல்யாண வீடு, ஒருநாள் துக்க வீடு. ஒருவரை 'வீட்டுக்கு அனுப்பிட்டாங்க' என்றால் வேலை போய்விட்டது. காதலிப்பவர்களிடம் 'வீட்ல ஒத்துக்கிட்டாங்களா?' என்று கேட்டால் அங்கே வீடு என்பது அப்பா, அம்மா. கல்யாணம் ஆனபிறகு, அதே 'வீட்ல' கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன்.

இதுவரை சரி. ஆனால் பெண்ணிடம் வரும்போது மட்டும் இந்தச் சொல் இரண்டாக உடைகிறது: பிறந்த வீடு, புகுந்த வீடு. ஆணுக்கு இந்தப் பிரிவே கிடையாது. அவன் வேறு வீட்டில் போய் வாழ்ந்தால் 'வீட்டோட மாப்பிள்ளை' என்று கேலி பேசுகிறோம். அதையே எல்லாப் பெண்களும் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம், அதற்குக் கேலிப்பெயர் எதுவும் இல்லை. மாதவிடாய் நாட்களுக்கோ 'வீட்டுக்குத் தூரம்' என்று பெயர் வைத்தோம். கல்யாணமான பெண் 'எங்க வீட்டுக்குப் போறேன்' என்றால் 'எந்த வீடு?' என்று கேட்கிறார்கள். அவள் அண்ணனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. இந்த ஒரு கேள்வி போதும், என்ன நடக்கிறது என்று புரிய.

இந்துக் குடும்பங்களின் பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. 2005-ல் மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணமான மகளுக்கும் அதைத் தந்தது. அதாவது சட்டத்தின் கணக்கில் அவள் அந்த வீட்டை விட்டுப் போகவே இல்லை. இருந்தும் மகள் பங்கு கேட்டால், பிறந்த வீட்டை மதிக்காதவள் என்று ஏசுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். அவள் கேட்பது அவள் வீட்டில் அவளுடைய பங்கை.