கைபரோவிட்ஸ் நிலக்கரி: 6,200 கோடி டன் என்பதன் முழுக்கணக்கு
அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள கைபரோவிட்ஸ் பீடபூமியில் 6,200 கோடி டன் நிலக்கரி அள்ளத் தயாராகக் கிடக்கிறது, அது டைனோசர் உடல்கள் மக்கி உருவானது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எண் சரி, அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் 1990களில் போட்ட கணக்குதான். ஆனால் அது மண்ணுக்குள் இருக்கும் மொத்த இருப்பு. அதே அறிக்கையைத் தொடர்ந்து படியுங்கள்: திறந்தவெளிச் சுரங்கம் வைத்து எடுக்கக்கூடியது எதுவுமே இல்லை. குறைந்தது 3,200 கோடி டன் மிக ஆழத்திலோ, மிக மெல்லிய அடுக்குகளிலோ, அதிகச் சரிவிலோ, முழுதாக வெட்டியெடுக்க முடியாத அளவு தடித்த படுகைகளிலோ இருக்கிறது. மீதி 3,000 கோடியிலும் நிலப் பயன்பாட்டுத் தடைகளைக் கழிக்கவில்லை. இதையெல்லாம் விட்டுவிட்டு முதல் எண்ணை மட்டும் பரப்புவது நியாயமில்லை.

அப்புறம் டைனோசர் விஷயம். இந்த நிலக்கரி ஸ்ட்ரெய்ட் கிளிஃப்ஸ் பாறை அடுக்கில் இருக்கிறது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் வட அமெரிக்காவை இரண்டாகப் பிரித்த உள்நாட்டுக் கடலின் மேற்குக் கரையோரச் சதுப்புகளில் செடிகொடிகள் அழுகிப் படிந்து உண்டானது. கோஸ்மோசெராடாப்ஸ் என்ற கொம்புள்ள டைனோசர் போன்ற புகழ்பெற்ற புதைபடிவங்கள் கிடைத்த கைபரோவிட்ஸ் அடுக்கு அதற்கு மேலே, பல பத்து லட்சம் ஆண்டுகள் பிந்தியது. பாலைவனமாகத் தெரியும் அந்தப் பள்ளத்தாக்குகள் ஒரு காலத்தில் ஈரமான கடற்கரை. 1996இல் அங்கே கிராண்ட் ஸ்டேர்கேஸ்-எஸ்கலாண்டே தேசிய நினைவிடம் (பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி) அறிவித்தபோது, இந்த அடுக்குகளின் அறிவியல் முக்கியத்துவத்தையும் காரணமாகச் சொன்னார்கள்.